குளிர்கோடு கற்பித்த பாடம்

உலோகம் உறையும்போது வெளிவிடும் உள்ளுறை வெப்பத்தை அளப்பது எளிதென்றே எண்ணியிருந்தேன். 7 சதவீதம் சிலிக்கன் கலந்த அலுமினியத்தை மூசையில் உருக்கி, நடுவே தெர்மோகப்பிளை வைத்து, வெப்பநிலை இறங்குவதைக் குறித்தேன். 577 பாகையருகே அது இறங்காமல் நின்றது. நின்ற நேரத்தை, திரவமாயிருந்தபோது குளிர்ந்த வேகத்தாலும் தன்வெப்பத்தாலும் பெருக்கினேன். தூய அலுமினியத்துக்கே கிராமுக்கு 95 கலோரி உண்டு. எனக்கு வந்ததோ ஏறத்தாழப் பாதி! கருவியைத்தான் முதலில் நொந்துகொண்டேன்.

பிழை என்னுடையது. தூய அலுமினியம் 660 பாகையிலேயே முழுதும் உறையும். இக்கலவையோ 615 பாகையளவிலேயே உறையத் தொடங்கி, 577-ஐ எட்டுமுன் பாதி கெட்டியாகிவிடுகிறது. ஆகவே, நண்பர்களே, குளிரும் வேகத்தை நேரத்துக்கெதிரே வரையுங்கள். உறைதல் நிகழாதிருந்தால் அவ்வேகம் எப்படியிருக்கும் என்ற அடிக்கோட்டையும் வரையுங்கள். இடைப்பட்ட பரப்பைத் தன்வெப்பத்தால் பெருக்கினால் விடை கிடைக்கும். அடிக்கோட்டைக் கண்மதிப்பில் இழுக்காதீர்கள். உறைதலுக்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகளே அதற்கு ஆதாரம்.