பணிச்சுமையும் பற்றும்

பொருளும் பொறுப்பும் பெருகப் பெருக, நெஞ்சின் ஓய்வு குறைதல் கண்கூடு. அவற்றுள் எதனை விடுவது, எதனை ஓம்புவது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

திருவள்ளுவர், 35-ஆம் அதிகாரமாகிய துறவில், பொருட்பற்றோடு யான், எனது என்னும் பற்றும் அறுதல் வேண்டுமென்றார். சிவஞானபோதத்துப் 10-ஆம் சூத்திரமோ பாசநீக்கத்திற்கு இறைபணியில் நிற்றலை வாயிலாகக் கூறும். ஆகவே, பணியெல்லாம் ஒழிதல் துறவன்று; பணியில் கலந்த முனைப்பு ஒழிதலே துறவாம்.

மனை துறந்தார்க்கும் அவைத் தலைமை, விழாப் பொறுப்பு, படியாத நூற்குவை எனச் சுமை சேர்தலுண்டு. ஒவ்வொன்றையும் நோக்கி, 'இது பிறர் கைக்கு மாறின் நம் நெஞ்சு நோவது எதன் பொருட்டு?' என வினவுக. பெயர் குன்றுமென நோவதாயின் அதனை விடுக. 'நாமின்றிப் பணி கெடும்' என்பதும் பெரும்பாலும் அம்முனைப்பின் மாற்றுருவே. ஒன்றை விடினும், பூசைக்கும் ஓதற்கும் அத்துணைப் பொழுது மீளும்.