பாடம் விற்க இடந்தேர்தல்

ஆனி பிறந்து சாரல் வீசத் தொடங்கிவிட்டால், குற்றாலத்துப் பேரருவிக்குச் செல்லும் வழியின் இருமருங்கும் கடைகள் நெருங்கிவிடும். ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து வைத்திருப்பாரும், தலைக்குத் தேய்க்க எண்ணெய் விற்பாரும், நேந்திரங்காய் வறுவல் பொரிப்பாரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்பர். அவருள் ஒருவரும் வாங்குவோரைத் தேடி அலைவதில்லை. அருவியே அழைத்து வந்துவிடுகின்றது. ஆயின் வந்தவர் அருவிக்கு வந்தவரேயன்றிக் கடைக்கு வந்தவரல்லர். நீர் வற்றினால் கூட்டமும் வற்றும். ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள தென்காசிக் கடைத்தெருவிலோ, மளிகைக் கடைக்காரர் இன்னார் வீட்டில் இன்ன மாதம் திருமணம் என்பதை அறிந்து, தம் நோட்டுப் புத்தகத்தில் பெயர் பெயராகக் கணக்கு வைத்திருப்பார். அருவி பெருகினும் வற்றினும் அவர்க்கு ஒன்றே.

இவ்விருவகைக் கடைகளையும் ஈண்டு எடுத்துக் கூறியது என்னையெனின், ஒருவர் தாமே ஆக்கிய பாடங்களை இணையத்தில் விற்கப் புகுங்கால் எவ்விடத்தில் கடை வைப்பது என்னும் வினாவும் இவ்விரண்டினிடையே நிற்கின்றமையால் என்க.

எம் அத்தையார் தென்காசியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். 2020-ஆம் ஆண்டில் தொற்றுநோயால் பள்ளிகள் அடைபட்டிருந்தபோது, அண்டை வீட்டுப் பிள்ளைகட்குக் கைப்பேசி வாயிலாக யாப்பிலக்கணம் சொல்லத் தொடங்கினார். அசை, சீர், தளை என்று தொடங்கி, வெண்பாப் பாடுதல் ஈறாக இருபத்துநான்கு பாடங்கள் ஒளிப்பதிவாயின. உறவினர் வழியாக அவை கடல் கடந்தன. மலேசியாவிலும் யாழ்ப்பாணத்திலும் துபாயிலும் இருந்து கேட்டவர்கள், கட்டணம் தருகின்றோம், முறையாகக் கற்பியுங்கள் என்றனர். அடுத்த ஆண்டில் ஒரு நிறுவனத்தின் செயலியில் அவற்றை ஏற்றினோம். அதனைத் தேர்ந்ததற்கு யாம் கண்ட காரணம் ஒன்றே, வாடகை இல்லை. அறுபத்துமூவர் சேர்ந்தனர். (எண்ணைக் கேட்ட எம் சைவ நண்பர் ஒருவர் கைகூப்பினார்.)

அந்நிறுவனம் 2023-இல் தன் வாணிகத்தை நிறுத்தியது. முப்பது நாளைக்கு முன்னரே அறிவிப்பு வந்திருந்தது. அத்தையார் மின்னஞ்சலை மாதத்திற்கு ஒருமுறை திறப்பவர். பாடங்களின் படி எம்மிடம் இருந்தது. மாணாக்கரின் பெயரும் முகவரியும் செயலியினுள்ளேயே இருந்தமையால் அதனோடு மறைந்தன. திருத்தித் தருமாறு அனுப்பப்பெற்றிருந்த பதினொரு வெண்பாக்களும் உடன் மறைந்தன. "பாடம் போனால் திரும்பச் சொல்லிக்கொள்ளலாம், ஐயா. அந்தப் பதினொரு பேரும் நான் வாசிக்கவே இல்லை என்றல்லவா நினைத்திருப்பார்கள்?" என்றார் அத்தையார். அதற்கு எம்மிடம் விடையில்லை. அவர் மீண்டும் கற்பிக்க விரும்பினார். இம்முறை இடந்தேரும் பொறுப்பு எம்மேல் விழுந்தது. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறை முழுவதும் அதிலேயே கழிந்தது. யாம் அறிந்தவை நம் கல்லூரி நண்பர்க்கும், ஓய்வு பெற்றபின் வீட்டிலிருந்தே கற்பிக்க எண்ணும் ஆசிரியப் பெருமக்கட்கும் பயன்படுமென்று இங்கு எழுதுகின்றோம்.

முதற்கண் ஒரு தடையை நீக்குவோம். கல்வியை விலைக்குக் கொடுத்தல் தகுமோ என்று எம் வகுப்பில் ஒருவர் வினவினார். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் பாடம் கேட்டற்குரியாரை எண்ணுமிடத்து, தன் மகன், ஆசிரியன் மகன், அரசன் மகன் என்பாரோடு மிகுதியாகப் பொருள் கொடுப்பவனையும் சேர்த்தே எண்ணினார். வழிபடுவோனையும், சொன்னதை விரைந்து கொள்வோனையும் அவனுக்குப் பின்னரே வைத்தார். ஆதலின் பொருள் வாங்குதற்கு அத்தையார் நாணவேண்டுவதில்லை.

இனி, சந்தையைப் பார்ப்போம். இணையத்துப் பெருஞ்சந்தைக்கு எடுத்துக்காட்டாக நிற்பது 2010-இல் அமெரிக்காவில் தோன்றிய யூடெமி. ஆசிரியர் தம் பாடத்தை ஆங்கு வாடகையின்றி வைக்கலாம். யாம் பார்த்த விதிகளின்படி, சந்தை தானே அழைத்துவந்த மாணாக்கர் வாங்கினால் ஆசிரியர்க்கு நூற்றுக்கு 37 பங்கு. ஆசிரியர் தாமே அனுப்பிய இணைப்பின் வழியாக வந்தவர் வாங்கினால் 97 பங்கு. பின்னைய எண்ணைக் கண்டு முதலில் மகிழ்ந்தோம். ஆள் அழைத்துவரும் வேலையையும் நாமே செய்வதாயின் சந்தை எதற்கு என்பது இரண்டு நாள் கழித்தே எமக்குத் தோன்றிற்று. மாதக் கட்டணம் செலுத்திப் பல பாடங்களையும் பார்ப்போர்க்குரிய திட்டமும் அங்கு உண்டு. அதன் வருவாயில் ஆசிரியர்கட்குப் பகிர்ந்தளிக்கும் பங்கு 2023-இல் நூற்றுக்கு 25 ஆக இருந்தது. 2024-இல் 20, 2025-இல் 17.5, 2026-இல் 15 என்று குறைந்து செல்லுமென நிறுவனம் முன்கூட்டியே அறிவித்தது. மறைத்துச் செய்யாமல் சொல்லிச் செய்தமை நேர்மையே. ஆயினும் பங்கை நிறுக்கும் தராசு யார் கையிலுள்ளது என்பது இதனால் விளங்கும்.

அச்சந்தையை முற்றும் பழித்தல் எம் கருத்தன்று. கணினிமொழி கற்பிப்பவர்க்கும், கணக்குப்பதிவு கற்பிப்பவர்க்கும் அஃது அருவிக்கரைக் கடைபோல் உதவும். ஏனெனில் அவற்றைத் தேடி உலகெங்கிலுமிருந்து கூட்டம் வருகின்றது. வெண்டளையைத் தேடி வரும் கூட்டம் ஏது? யாப்புக் கற்போர் சிலர். அச்சிலரும் ஒருவர் சொல்ல ஒருவர் வருபவர். அன்றியும் மாணாக்கரின் மின்னஞ்சல் முகவரியை அச்சந்தை ஆசிரியர்க்குத் தருவதில்லை. செய்தி அனுப்பலாம், அதுவும் சந்தையின் வழியாகவே. அறுபத்துமூவரை இழந்த எமக்கு அவ்வொரு விதியே போதுமானதாயிற்று.

மற்றொரு வகை வாடகைக் கடை. வான்கூவர் நகரத்துத் திங்கிஃபிக், 2020-இல் ஹாட்மார்ட் என்னும் நிறுவனம் விலைக்கு வாங்கிய டீச்சபிள், கஜாபி முதலியன இவ்வகையின. மாதந்தோறும் இவ்வளவு எனக் கொடுத்தால், நம் பெயரிலேயே ஒரு கடை அமைத்துத் தருவர். கூட்டத்தை அழைத்துத் தாரார். அதனை நாமே செய்துகொள்ளல் வேண்டும்.

இவ்வகையில் ஒன்று தென்காசியோடு தொடர்புடைய நிறுவனத்தின் ஆக்கமென்று அறிந்தபோது வியந்தோம். 1996-இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரால் தொடங்கி 2009-இல் ஸோஹோ என்று பெயர் மாறிய நிறுவனத்தார், 2011-இல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தனர். அதன் நிறுவனருள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அவர்களும் அவ்வூரிலேயே குடிபுகுந்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பள்ளியிறுதி முடித்த பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பாது தாமே பயிற்றி வேலையில் அமர்த்தும் பள்ளி ஒன்றையும் அந்நிறுவனத்தார் நடத்துகின்றனர். தென்காசியிலும் அது நடைபெறுகின்றது. (பட்ட வகுப்பில் மூன்றாண்டு இருக்கும் எமக்கு இது சற்றே உறுத்தும் செய்தி.) அவர்கள் ஆக்கித் தரும் பல கருவிகளுள் டிரெயினர்சென்ட்ரல் என்பது பாடம் விற்போர்க்குரியது. பதிவுசெய்த பாடம், நேரலை வகுப்பு, தேர்வு, கட்டணம் வாங்குதல் ஆகியவை ஒரே கடையில் அமைகின்றன. ஆனால் நம்மூர்ப் பக்கத்தது என்னும் பற்றினால் கடை பிடித்தல் ஆகாது என்று எம்மையே தடுத்துக்கொண்டு, ஏனையவற்றோடு ஒப்பவைத்தே பார்த்தோம்.

கணக்கு ஒன்று போட்டோம். பாடத்தின் விலை ஆயிரம் ரூபாய் எனவும், வாடகை மாதம் இரண்டாயிரம், அதாவது ஆண்டுக்கு 24,000 ரூபாய் எனவும் கொள்க. சந்தையில் தள்ளுபடியின்றி விற்றால் ஒரு மாணாக்கரால் 370 ரூபாய் வரும். ஆண்டில் 38 பேர் சேரின், சந்தையில் 14,060 ரூபாயும் வாடகைக் கடையில் 14,000 ரூபாயும் மிஞ்சும், ஏறக்குறைய ஒன்றே. 39-ஆம் மாணாக்கரிலிருந்து வாடகைக் கடையே மேல். பணம் வாங்கித் தரும் இடையாளர் கொள்ளும் நூற்றுக்கு இரண்டையும் சேர்த்தால் 40-ஆம் மாணாக்கரிலிருந்து எனலாம். பத்துப் பேரே வருவராயின் வாடகைக் கடை வைப்பவர் 14,000 ரூபாய் இழப்பர். சந்தையில் வைப்பவர் 3,700 ரூபாய் பெறுவர். ஆகவே தமக்கு நாற்பதின்மர் உளரா என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எண்ணுதற்குப் பெயர்ப்பட்டியல் வேண்டுமன்றோ? எம்மிடம் அஃது இல்லை.

சொந்தக் கட்டடம் எழுப்பும் வழியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமஸ் என்பார் ஆக்கி 2002-இல் வெளியிட்ட மூடில் என்னும் மென்பொருளை எவரும் இலவசமாக எடுத்துத் தம் சொந்தத் தளத்தில் நிறுவிக்கொள்ளலாம். பல கல்லூரிகள் அதனைப் பயன்படுத்துகின்றன. அது பழுதுபட்டால் நள்ளிரவிலும் எழுந்து சரிசெய்ய ஆள் வேண்டும். எம் வீட்டில் அத்தகையார் இலர். எனவே அதனை விட்டோம்.

பணம் வரும் வழியைப் பற்றியும் ஒரு சொல். பேபால் நிறுவனம் 2021 ஏப்ரல் முதல் இந்தியாவிற்குள்ளேயே நிகழும் கொடுக்கல் வாங்கலை நிறுத்திவிட்டது. அதனை மட்டுமே நம்பும் வெளிநாட்டுக் கடையில் கோலாலம்பூர் மாணாக்கர் கட்டணம் செலுத்தலாம். செங்கோட்டை மாணாக்கர் செலுத்த இயலாது. யூபிஐ வழியாகவும் வெளிநாட்டு அட்டை வழியாகவும் வாங்கத்தக்க கடையா என்று கேட்டுத் தெளிதல் வேண்டும். ஆண்டு வருவாய் இருபது லட்சத்தைத் தாண்டுவோர் சரக்கு சேவை வரிக்குப் பதிவு செய்தல் வேண்டும் என்பது பொது விதி; அத்தையார்க்கு அக்கவலை இன்னும் பல்லாண்டு இராது.

இனி இவையனைத்தினும் பெரியதொன்று. வாங்குவோர் எதற்காகப் பொருள் தருகின்றனர்? தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 பிப்ரவரியில் தொடங்கப்பெற்று, இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரால் அயல்நாட்டுத் தமிழர்க்கும் பாடங்கள் நடத்துகின்றது. அதன் இலக்கணப் பாடங்களை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். இலவசமாகக் கிடைப்பதனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அத்தையார் ஆயிரம் ரூபாய் கேட்பது எங்ஙனம்?

இதற்கு விடை எம் பாடநூலிலேயே கிடைத்தது. நன்னூலார் மாணாக்கன் கற்கும் அளவைக் கூறுபோட்டுக் காட்டுகின்றார். ஆசிரியன் சொன்னதை நன்கு கேட்டுக் கொண்டாலும் காற்பங்கு புலமையே உண்டாகும். உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைத்தலால் வரும் என்பது அவர் துணிபு. இருமுறை கேட்டால் பிழை நீங்கும், மும்முறை கேட்டால் பிறர்க்குச் சொல்லும் முறை தெரியும் என்றும் கூறுகின்றார். இருமுறையும் மும்முறையும் கேட்பதற்குப் பதிவுசெய்த பாடம் போல் உதவுவது வேறில்லை. அவ்வளவில் இக்காலத்து மாணாக்கர் பேறுபெற்றோரே. ஆயினும் அது முழுவதும் காற்பங்கினுள் அடங்குவது. முக்காற்பங்கு அக்கடையில் வேறிடத்தில் நிகழ வேண்டும். மாணாக்கர் தம்முள் உரையாட ஓர் அரங்கு உளதா, ஒருவர் எழுதிய வெண்பாவை மற்றவர் அலகிட்டுக் காட்ட வழியுளதா, ஆசிரியர் திருத்தம் அவர்க்குச் சென்று சேருமா என்பனவே பார்க்கத்தக்கவை. யாம் பார்த்த கடைகளுள் சில இவ்விடத்தில் வெறுஞ்சுவராக இருந்தன.

அம்முனிவர் கடைமாணாக்கர்க்கு ஆட்டையும் உவமை கூறினார். ஒரு செடியில் வயிறு நிரம்ப மேயாது, இங்கோர் இலை அங்கோர் இலை கடிப்பது அதன் இயல்பு. எட்எக்ஸ் தளத்தில் 2017–18-ஆம் ஆண்டில் பாடங்களிற் சேர்ந்தாருள் முடித்தவர் நூற்றுக்கு மூவர் அளவினரே என்று ஓர் ஆராய்ச்சி 2019-இல் வெளிவந்தது. தள்ளுபடி விலையில் இருபது பாடங்களை வாங்கி, இரண்டினை மட்டும் திறந்து பார்த்த நண்பர் எம் விடுதியிலும் உளர். (யாமும் ஏழு வாங்கினோம்.) ஆடு மேய்வதற்கு வேலியில்லாத சந்தை மிக ஏற்றது, வெண்பாக் கற்பதற்கு அஃது ஏற்றதன்று.

முடிவில் மாத வாடகைக் கடை ஒன்றனையே தேர்ந்தோம். பெயரை இங்குக் கூறோம். எமக்குப் பொருந்தியது பிறர்க்குப் பொருந்தாமற் போகலாம். தேருமுன் அதன் இலவசப் பரீட்சைக் காலத்தில் மூன்று காரியம் செய்து பார்த்தோம். பொய்ப்பெயரில் யாமே மாணாக்கராகச் சேர்ந்து, ஒரு பிழைபட்ட குறள்வெண்பாவை அனுப்பினோம். அத்தையார் திருத்தியது எம் கைக்கு வந்தது. பெயர்ப்பட்டியல் முழுவதையும் ஒரு கோப்பாக வெளியே எடுத்தோம், வந்தது. பின்னர்க் கணக்கை மூடுவதாகச் சொல்லி, பாடங்களையும் மாணாக்கர் அனுப்பியவற்றையும் திரும்பக் கேட்டோம். அவை வருவதற்கு நான்கு நாளாயின, வந்தன.

அத்தையார் எதனையும் நம்புவதாக இல்லை. சேர்பவர் பெயரையும் ஊரையும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தம் கையாலேயே எழுதி வருகின்றார்; அதனைக் கண்டு யாம் நகைப்பதில்லை. சென்ற மே மாதம் வரை எழுதப்பெற்ற பெயர்கள் பத்தொன்பது. நாற்பதிற்குப் பாதியும் இல்லை. வாடகையில் ஒரு பகுதி அவரது ஓய்வூதியத்திலிருந்தே செல்கின்றது. பன்னிரண்டாம் பெயர் ஈப்போவைச் சேர்ந்த ஓர் அம்மையாருடையது. அவர் பழைய அறுபத்துமூவருள் ஒருவர். யாழ்ப்பாணத்து உறவினர் வாயிலாகச் செய்தி கேள்வியுற்று வந்தவர், இரண்டாண்டிற்கு முன் அனுப்பிய வெண்பாவைச் சேர்ந்த அன்றே மீண்டும் அனுப்பியிருந்தார். அத்தையார் அன்றிரவே அதனை வாசித்தார். மூன்றாமடியில் ஓரிடத்தில் தளை தட்டியிருந்தது.