வாடகை பாதியானால் செலவும் பாதியாகுமா? ஊர் மாறும் முன் போட வேண்டிய கணக்கு



சென்னை வாடகை தாங்க முடியாமல், "ஊர்ப் பக்கமே போய்விடலாமா?" என்று பேசிக்கொள்ளாத வீடு நம் பகுதியில் குறைவு. ராயபுரத்தில் ஓர் அறை, ஒரு கூடத்துக்குக் கொடுக்கும் பணத்தில் மேலப்பாளையத்திலோ பாளையங்கோட்டையிலோ காற்றோட்டமான வீடே கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் வாடகையை மட்டும் பார்த்து லாரி ஏற்றிவிட்டு, ஒரு வருடத்துக்குள் கடனோடு திரும்பி வரும் குடும்பங்களும் உண்டு. அப்படித் திரும்பும்போது பழைய வீடு இருக்காது. பிள்ளைகளின் படிப்பும் இரண்டு முறை தடம் மாறியிருக்கும்.

ஆகவே இந்த இதழில் ஊர் மாறுவதற்கான வரவு செலவுத் திட்டத்தை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். கீழே உள்ள தொகைகள் கணக்கு புரிவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. அவற்றை அடித்துவிட்டு உங்கள் வீட்டுத் தொகைகளை எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் கணக்கு: மாதம் எவ்வளவு மிஞ்சும்?

ராயபுரத்தில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பம். கணவருக்குப் பாரிமுனையில் கடை வேலை, சம்பளம் 26,000 ரூபாய். மனைவி வீட்டில் தையல் தைத்து 4,000 ஈட்டுகிறார். இரண்டு பிள்ளைகள், சர்க்கரைக்கு மருந்து சாப்பிடும் உம்மா. மொத்த வரவு 30,000.

சென்னையில் மாதச் செலவு:
வாடகை – 12,000
தண்ணீர், மின்சாரம், பராமரிப்பு – 2,000
மளிகை, காய்கறி, பால், கறி, கேஸ் – 10,000
பள்ளி, டியூஷன் – 3,500
போக்குவரத்து – 1,500
மருந்து – 1,500
கைபேசி, இதர செலவு – 1,500
மொத்தம் – 32,000

மாதம் 2,000 துண்டு விழுகிறது. அது கைமாற்றாகவோ அடகாகவோ எங்கோ ஏறிக்கொண்டிருக்கும்.

திருநெல்வேலியில் அதே குடும்பம்:
வாடகை – 6,000
தண்ணீர், மின்சாரம் – 1,000
மளிகை முதலியன – 9,500
பள்ளி, டியூஷன் – 3,000
போக்குவரத்து – 1,500
மருந்து – 1,500
கைபேசி, இதர செலவு – 1,500
சென்னைக்குப் போய்வர ஒதுக்குவது – 1,000
மொத்தம் – 25,000

வாடகை பாதியாகிவிட்டது. ஆனால் மொத்தச் செலவு பாதியாகவில்லை. 7,000 தான் குறைந்திருக்கிறது. எண்ணெயும் பருப்பும் மாத்திரையும் கைபேசிக் கட்டணமும் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. மேலும், முன்பு இல்லாத ஒரு செலவு புதிதாக வந்திருக்கிறது. திருநெல்வேலி சென்னையிலிருந்து ஏறத்தாழ 620 கிலோமீட்டர். கல்யாணம், மவுத்து, ஆஸ்பத்திரி என்று எதற்கு வந்தாலும் ஓர் இரவுப் பயணம், குடும்பத்துக்கே டிக்கெட். இதை மாதாமாதம் ஒதுக்காவிட்டால் அவசரத்தில் கடன் வாங்க நேரும்.

அடுத்து வரவைப் பாருங்கள். அங்கே அதே கடை வேலைக்கு 20,000 தான் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மனைவியின் தையல் வாடிக்கையாளர்கள் எல்லாம் ராயபுரத்துத் தெருக்காரர்கள். புது ஊரில் 2,500 வந்தாலே பெரிது. ஆக வரவு 22,500, செலவு 25,000. துண்டு 2,500. சென்னையில் இருந்ததைவிட 500 அதிகம்!

அதே கணவருக்கு அங்கே 24,000 சம்பளம் உறுதியானால்? தையலில் 3,000 சேர்த்து வரவு 27,000. இப்போது 2,000 மிச்சம். முன்பு 2,000 துண்டு விழுந்ததால், குடும்பத்தின் நிலை மாதம் 4,000 உயர்கிறது. இந்த 4,000 தான் ஊர் மாறுவதன் உண்மையான லாபம்.

ஆகவே, ஊர் மாறலாமா என்பதை முடிவு செய்வது புது ஊரின் வாடகை அல்ல, புது ஊரில் உங்கள் சம்பளம். வெளிநாட்டிலிருந்து கணவர் அனுப்பும் பணத்திலோ ஓய்வூதியத்திலோ குடும்பம் நடந்தால் வரவு குறையாது. செலவில் குறைவது முழுவதும் மிச்சமாகும். கடைச் சம்பளத்திலும் தினக்கூலியிலும் வாழும் குடும்பத்துக்கு அப்படி இல்லை. "அங்கே போனால் ஏதாவது வேலை கிடைக்கும்" என்பதைக் கணக்கில் எழுத முடியாது.

இரண்டாம் கணக்கு: மாறுவதற்கே எவ்வளவு ஆகும்?

லாரி – 20,000
மூட்டை கட்ட, ஏற்ற, இறக்க – 4,000
குடும்பத்தின் பயணம் – 2,000
முன்கூட்டி இரண்டு முறை போய் வீடும் பள்ளியும் பார்க்க – 3,000
புரோக்கர் – 6,000
பழைய வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்கப் பிடிப்பது – 12,000
பள்ளிச் சேர்க்கை, சீருடை, புத்தகம் – 9,000
கேஸ், மின்விசிறி மாட்டுவது, சில்லறைச் சாமான் – 4,000
மொத்தம் – 60,000

இதை மாத லாபமான 4,000 ஆல் வகுத்தால் 15 வருகிறது. அதாவது முதல் 15 மாதங்களில் கிடைக்கும் லாபம் முழுவதும் மாறிய செலவுக்கே போகும். பதினாறாம் மாதத்திலிருந்துதான் உங்கள் கையில் காசு நிற்கும். "ஒரு வருடம் இருந்து பார்ப்போம், சரிவராவிட்டால் திரும்பிவிடலாம்" என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைத் திரும்பவும் படியுங்கள். ஒரு வருடத்தில் திரும்பினால் போன செலவும் மீளாது. வந்த செலவு வேறு சேரும்.

லாரிச் செலவைக் குறைக்க வழி உண்டு. கால் ஆடும் கட்டிலையும் துருப்பிடித்த பீரோவையும் 620 கிலோமீட்டர் கொண்டுபோகாதீர்கள். விற்றால் என்ன கிடைக்கும், அங்கே பழையது வாங்கினால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு பெரிய சாமானுக்கும் பாருங்கள். சாமான் குறைந்தால் சிறிய வண்டி போதும். தென்மாவட்டங்களிலிருந்து சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டிகளில் ரிட்டர்ன் லோடு கேட்டால் வாடகை குறையும். சுங்கக் கட்டணமும் ஏற்று இறக்குக் கூலியும் சேர்த்தா, சேர்க்காமலா என்பதை முன்பே பேசி எழுதி வாங்குங்கள்.

மூன்றாம் கணக்கு: வண்டி ஏறும் நாளில் கையில் எவ்வளவு வேண்டும்?

பலர் தவறுவது இங்கேதான். "பழைய வீட்டு அட்வான்ஸ் வரும், அதை வைத்துப் புது வீட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம்" என்று நினைப்போம். பழையது கிடைப்பது காலி செய்த பிறகு. புதியதோ சாவி வாங்கும் முன்பே கொடுக்க வேண்டும். இடையில் உள்ள அந்தச் சில வாரங்களுக்காக வட்டிக்கு வாங்கினால், மார்க்கம் தடுத்ததில் இறங்குவது ஒருபுறம். 4,000 லாபத்துக்காகக் கிளம்பியவர் அதை வட்டிக்காரரிடம் கொடுப்பது மறுபுறம்.

நம் உதாரணக் குடும்பத்துக்கு மாறும் செலவில் பெயின்ட் பிடித்தம் போக ரொக்கமாக வேண்டியது 48,000. புது வீட்டு அட்வான்ஸ் ஐந்து மாத வாடகை என்றால் 30,000. வேலை நிலைக்கும் வரை மூன்று மாதச் செலவு 75,000. ஆக 1,53,000 ரூபாய். பழைய அட்வான்ஸ் கைக்கு வரும்வரை அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? ஒரு வழி, குடும்பத் தலைவர் மட்டும் முதலில் போவது. இரண்டு மாதம் அறையிலோ உறவினர் வீட்டிலோ தங்கி வேலையைப் பழகட்டும். இதனால் கூடுதலாக 12,000 செலவாகலாம். ஆனால் சம்பளம் வரத் தொடங்கிவிடுவதால் மூன்று மாதக் கையிருப்புக்குப் பதில் ஒரு மாதம் போதும். தேவைப்படும் தொகை 1,15,000 ஆகக் குறையும். 15 மாதம் என்பது 18 ஆகும்தான். ஆனால் வேலை சரிவராவிட்டால் திரும்பி வருபவர் ஒருவரே. வீடும் பள்ளியும் இங்கே அப்படியே இருக்கும்.

அட்வான்ஸும் ஒப்பந்தமும்

2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டப்படி, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதைப் பதிவும் செய்ய வேண்டும். இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத நிலையில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. கையெழுத்திடும் முன் இதைச் சொல்லிப் பேசிப்பாருங்கள், குறைய வாய்ப்புண்டு.

பழைய வீட்டுக்காரருக்கு ஒப்பந்தத்தில் உள்ள கால அளவுப்படி எழுத்தில் தெரிவியுங்கள். எவ்வளவு பிடிப்பார், மீதியை எந்தத் தேதியில் தருவார் என்பதையும் எழுதி வாங்குங்கள். நல்ல மனிதர்தான் என்றாலும் எழுதுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது நமக்கு மார்க்கம் கற்றுத் தந்த பழக்கம். காலி செய்யும் அன்று ஒவ்வோர் அறையையும் மின்மீட்டரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையை விட்டுப் போன பிறகு பணம் கேட்க ஒவ்வொரு முறையும் 620 கிலோமீட்டர் வர முடியாது.

புது வீட்டுக்குத் தனி மின்மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம் தனி இணைப்புக்குத்தான். பல வீடுகளுக்கு ஒரே மீட்டர் என்றால் வீட்டுக்காரர் சொல்லும் யூனிட் விலைதான் உங்களுக்கு.

பிள்ளைகளும் பெரியவர்களும்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையே மாறுவதற்கு ஏற்ற காலம். நடுவில் மாறினால் கட்டிய கட்டணம் போகும், பாடமும் விட்டுப்போகும். டி.சி. வாங்கும்போது மாணவரின் எமிஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்குப் போகும் வயதில் பிள்ளை இருந்தால், பாளையங்கோட்டை ரஹ்மத் நகரில் உள்ள சதக்கத்துல்லா அப்பா கல்லூரி போன்றவற்றில் விரும்பும் பாடம் இருக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள். பிள்ளை சென்னை விடுதியில் தங்க நேர்ந்தால் மிச்சம் அதிலேயே கரைந்துவிடும்.

உம்மாவின் மருத்துவக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். குறைந்தது ஒரு மாத மருந்து கையோடு போகட்டும். டயாலிசிஸ் போன்ற தொடர் சிகிச்சை இருந்தால், திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறிடத்திலோ இடம் உறுதியான பிறகே தேதி குறியுங்கள்.

மாற்ற வேண்டிய ஆவணங்கள்

கேஸ்: சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து, வைப்புத்தொகையையும் அதற்கான சான்றையும் வாங்கி, புது ஊர் ஏஜென்சியில் காட்ட வேண்டும். நிரப்பிய சிலிண்டரை லாரியில் ஏற்றாதீர்கள்.

ரேஷன்: ஸ்மார்ட் கார்டில் முகவரியை இணையத்திலோ இ-சேவை மையத்திலோ மாற்றலாம்.

வாக்காளர் அட்டை: முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8.

ஆதார்: புது வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்ததும் முகவரியைப் புதுப்பியுங்கள்.

வங்கி: உதவித்தொகையோ மானியமோ வரும் கணக்கை மூடாதீர்கள், முகவரியை மட்டும் மாற்றுங்கள்.

இன்றிரவு செய்ய வேண்டியது

கணவனும் மனைவியும் உம்மாவையும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: இங்கே மாதம் மிஞ்சுவது அல்லது துண்டு விழுவது, உறுதியான சம்பளத்தை வைத்து அங்கே மிஞ்சுவது, மாறும் செலவு அந்த வித்தியாசத்தில் எத்தனை மாதத்தில் அடையும், வண்டி ஏறும் நாளில் கையில் எவ்வளவு இருக்கும்.

நான்காவது வரி நிரம்பாவிட்டால் ஒரு வருடம் பொறுங்கள், சேருங்கள். இரண்டாவது வரியில் எழுத எதுவும் இல்லை என்றால் வேலை தேடுவதிலிருந்து தொடங்குங்கள். அல்லது சென்னையிலேயே புறநகரில் வாடகை குறைந்த வீடு இருக்கிறதா என்று இதே நான்கு வரிகளை வைத்துப் பாருங்கள். சம்பளம் மாறாமல் வாடகையில் சில ஆயிரம் குறைந்தால் அதுவே போதுமானதாக இருக்கலாம்.

நான்கு வரியும் சரியாக வந்தால் தயங்க வேண்டாம். பிஸ்மில்லாஹ் சொல்லி மூட்டை கட்டுங்கள். இன்ஷா அல்லாஹ், புது ஊரில் உங்கள் வீட்டில் பரக்கத் பெருகட்டும்.