வலையில் ஏறும் ஓவியம்

கேள்வி: நீர்வண்ண ஓவியங்கள் வரைகிறேன். இன்ஸ்டாகிராமில் போட்டால் யாராவது எடுத்து அச்சடித்து விற்றுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. போடலாமா, வேண்டாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகப் போடுங்கள். உங்கள் ஊர்க் கவின்கலைக் கல்லூரியில் படித்த மறைந்த ஓவியர் இளையராஜாவின் படங்கள், ஓவியக் கண்காட்சிக்கே போகாத பலரையும் எட்டியது பத்திரிகைகளாலும் முகநூலாலும்தான்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்த ஓவியத்தின் உரிமை தானாகவே உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். படத்தை விற்றாலும், எழுதிக் கொடுக்காதவரை அச்சிடும் உரிமை வாங்கியவருக்குப் போகாது. ஒரு விதிவிலக்கு உண்டு. ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவருக்கே சேரும். ஆகவே ஆர்டர் எடுக்கும்போதே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

இனி நடைமுறை. 1080 பிக்சல் அகலமுள்ள படத்தை மட்டும் ஏற்றுங்கள். ஏ3 தாளில் துல்லியமாக அச்சடிக்கச் சுமார் 3500 பிக்சல் அகலம் வேண்டும்; திருடுபவருக்கு மங்கல் பிரதிதான் மிஞ்சும். கையெழுத்தை ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள், படத்துக்குள்ளேயே போடுங்கள். கண்ணாடிச் சட்டம் மாட்டும் முன், ஃபிளாஷ் இல்லாமல், நேர்வெயில் படாத ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுங்கள். அளவு, தாள், விலை மூன்றையும் குறிப்பிடுங்கள். முன்வரைவுகளைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். திருட்டு நடந்தால் அவையே சாட்சி. இன்ஸ்டாகிராமில் புகார் செய்யவும் வழி உண்டு.

திருட்டுக்குப் பயந்து பீரோவில் பூட்டிய ஓவியத்தை யாரும் வாங்கப்போவதில்லை.