பிப்பும் கேட்ஸ்பியும் – ஓர் ஒப்பீடு

இங்கிலீஷ் நாவல் என்றதும் அடுத்த தாளுக்குத் தாவிவிடாதீர்கள். ஏழை வீட்டுப் பையன் பெரிய ஆளாக ஆசைப்படும் கதைதான். அதை இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' 1860–61இல் வாரத் தொடராக வந்தது. அமெரிக்காவின் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு எழுதிய 'தி கிரேட் கேட்ஸ்பி' 1925இல் வந்தது. (முதலாவது ரொம்பப் பெரிசு, லீவில்தான் முடியும். இரண்டாவது சின்னது.)

பிப் கொல்லர் வீட்டில் வளர்கிறான். அக்கா புருஷன் ஜோதான் அவனுக்கு அப்பா மாதிரி. ஒரு பணக்கார வீட்டில் எஸ்டெல்லா என்ற பெண், உன் கை சொரசொரப்பு, உன் பூட்ஸ் மட்டம் என்று கேலி செய்கிறாள். அதுவரை தன் கையில் குறை இருப்பதாகவே அவனுக்குத் தெரியாது. அன்றைக்குப் பிறக்கிறது ஆசை. கேட்ஸ்பிக்கோ டெய்சியைப் பார்ப்பதற்கு முன்பே ஆசை உண்டு. விவசாயி மகன் ஜேம்ஸ் காட்ஸ், 17 வயதிலேயே பெயரை மாற்றிக்கொண்டு கேட்ஸ்பி ஆகிவிடுகிறான்.

இருவருக்கும் பணம் வருகிறது. பிப்புக்கு வந்தது மாக்விச் அனுப்பியது. சின்ன வயதில் பிப் சோறு கொடுத்த கைதி அவன். ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டு ஆடு வளர்த்துச் சம்பாதித்தவன். கேட்ஸ்பியுடையது மதுவிலக்குக் காலத்து (1920–1933) கள்ளச் சாராயப் பணம். இரண்டுமே வெளியே சொல்ல முடியாத பணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. மாக்விச்சின் பணம் வேர்வை சிந்தியது. பிப் அருவருப்பது பணத்தை அல்ல, அதைக் கொடுத்த ஆளை.

இன்னொரு ஒற்றுமை என்னை ரொம்ப உறுத்தியது. இருவருமே வீட்டு ஆட்களை மறைக்கிறார்கள். லண்டனுக்குப் பார்க்க வந்த ஜோ தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாற, பிப்புக்கு வெட்கமாக இருக்கிறது. ஜோவும் அவனை 'சார்' என்று கூப்பிடுகிறார்! அப்பா ஸ்கூலுக்கு வந்தால் தூணுக்குப் பின்னால் ஒளிகிற நம்மவர்கள் இந்த இடத்தைப் படிக்கணும். கேட்ஸ்பி ஒருபடி மேலே போய், குடும்பமே செத்துப்போச்சு என்கிறான்.

கடைசியில் வருவதும் அவர்கள்தான். பிப் கடனாளியாகிக் காய்ச்சலில் கிடக்கும்போது ஜோ வந்து கவனித்து, 123 பவுனுக்கு மேலான கடனையும் அடைத்துவிட்டுச் சொல்லாமல் ஊருக்குப் போகிறார். பிப்புக்குப் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்க முடிகிறது.

கேட்ஸ்பிக்கு அது கிடைக்கவில்லை. அவன் விருந்துக்கு நூற்றுக்கணக்கில் வந்தவர்களில் சாவுக்கு வந்தது ஒருவர்தான். டெய்சி ஒரு பூ கூட அனுப்பவில்லை. 'செத்துப்போன' அப்பாதான் வருகிறார். மகன் சின்ன வயதில் ஒரு கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிய டைம்டேபிளைக் காட்டுகிறார். காலை 6 மணிக்கு எழுவது, உடற்பயிற்சி, படிப்பு என்று நாம் லீவில் எழுதி ஒட்டுவோமே, அதே மாதிரி. பெற்றோரிடம் இன்னும் நல்லபடியா நடந்துகொள்ளணும் என்பதும் அதில் இருக்கிறது. அப்பா ஒவ்வொன்றையும் சத்தமாகப் படிக்கிறார், பெருமையோடு. புத்தகத்தை மூட அவருக்கு மனசே வரவில்லை.