ஓவியத்தில் வாழும் ஆட்டம்

பிழைப்புத் தேடி இடம்பெயரும் மக்கள் தம் ஆட்டத்தையும் உடன் கொண்டு செல்வர். அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து வந்து நியூயார்க்கின் ஹார்லெமில் குடியேறிய கறுப்பின மக்களிடையே ‘லிண்டி ஹாப்’ என்னும் ஸ்விங் நடனம் வளர்ந்தது. 1926இல் திறக்கப்பட்ட சவாய் நடன அரங்கில், அக்கால வழக்கத்திற்கு மாறாக, கறுப்பினத்தாரும் வெள்ளையரும் ஒன்றாக ஆடினர்.

அரங்கின் பின்புறம் வாழ்ந்த சிறுமி நார்மா மில்லர், அதன் சன்னல்களில் அசைந்த நிழல்களைக் கண்டு மகிழ்ந்தார். பின்னாளில் புகழ்பெற்ற ஆடற்கலைஞர் ஆனார். அவர் கதையைக் கூறும் சிறுவர் நூலுக்கு மார்ட்டின் பிரெஞ்சு ஓவியம் தீட்டினார். 1958இல் அரங்கம் மூடப்பட்டது. ஆட்டம் ஓவியத்தில் நிலைத்தது.

கோலார் தங்கவயல் சுரங்கங்களும் 2001இல் மூடப்பட்டன. அங்கு உழைத்த தமிழர் ஆடிய ஆட்டங்கள் முதியோர் நினைவில் உள்ளன. அவற்றை வரைவோர் யார்?

பயிற்சி: உம் வீட்டு முதியோர் கண்ட ஆட்டம் ஒன்றைக் கேட்டறிந்து, படம் வரைக.