தீக்காயம் ஆறிய பிறகு

குப்பி லாம்பு கவிழ்ந்து வெந்தவர்களைக் கண்டு, சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர 1992இல் எளிதில் கவிழாத லாம்பு ஒன்றைச் செய்தார். ஏற்கெனவே வெந்தவர்கள் கவனிக்க வேண்டியது வேறு.

காயம் காய்ந்ததும் "சுகமாகிப் போச்சு" என்கிறோம். தழும்போ ஒரு வருடத்துக்கு மேலும் இறுகும். வலிக்குப் பயந்து முழங்கையை மடக்கியே வைத்தால் அப்படியே பிடித்துக்கொள்ளும். பிறகு கொழுந்து பறிப்பது எப்படி?

வைத்தியர் காட்டியபடி தினமும் பல தடவை நீட்டி மடக்குங்கள். கழுத்து முன்புறம் வெந்திருந்தால் தலையணை வைக்கலாமா என்று கேளுங்கள். நன்றாக மூடிய தழும்பில் தேங்காயெண்ணெய் தடவி மெதுவாக உருவுங்கள். அரித்தாலும் சொறியாதீர்கள். வெயில் படவிடாதீர்கள். காய்ச்சல், சீழ், நாற்றம் இருந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள்.

கல்முனைப் பக்கம் ஹோட்டல் அடுப்படியில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். அங்கே அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது.